காலர் கடித்த எலி

காலை ஆறு மணிக்கு மாமனார் விசில் ஊதினால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். ஆறரைக்கு மறுபடியும் ஊதினால் யாருக்கோ நேரம் சரியில்லை. அவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை விட்டாலும் விசில் கழுத்தை விட்டு இறங்கவில்லை. அவர் ஊதி எந்த வண்டியும் ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்பியதில்லையாம். ஒருமுறை டிரைவர் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிட்டதாகவும் சொல்வார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்குச் சிரிக்க இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அன்று ஆறரைக்கு விசில் கேட்டது. மருமகள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றாள். அவள் கணவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"மேசை மேல என்னம்மா அந்தக் காகிதம்?"

"கால்வாய்க்கரைப் பள்ளிக்கூடத்து விண்ணப்பம், மாமா. இன்னிக்கு நாலு மணியோட கடைசி. இவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"கால்வாய்க்கரையா! மடத்துப் பள்ளியில படிச்சவன் பெத்த பிள்ளை, சேத்துல உருள்ற கூட்டத்துல போய்ச் சேரணுமா? எல்லாம் யாரால வந்த வினை?"

யாரால் என்பதை இரண்டு மாதமாக அந்த வீடு அவளுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

மடத்துப் பள்ளி லேசுப்பட்ட இடமல்ல. துறவிகள் நடத்துவது, ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். வருடத்துக்கு நாற்பது இடம், வாசலில் ஆயிரம் பேர். பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே விண்ணப்பம் போட்டவர்கள் உண்டு. ஒருவர் கல்யாணம் நிச்சயமான அன்றே போட்டார். கல்யாணம் நின்றுவிட்டது, இடம் கிடைத்துவிட்டது. மாமனார் சிறுவயதில் அங்கே மூன்று முறை தேர்வு எழுதி மூன்று முறையும் தோற்றவர். தன் மகன் அந்த வாசலில் நுழைந்த நாளை, தன் கல்யாண நாளைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்.

பேரன் தேர்வில் தேறிவிட்டான். அடுத்தது பெற்றோருக்கு நேர்காணல். அதற்குப் பிறகு வந்த பட்டியலில் அவன் பெயர் இல்லை. "நான்தான் மாமா... அவங்க கேட்டதுக்கு ஏதோ உளறிட்டேன்" என்று மருமகளே வந்து சொன்னாள். அவள் கணவன், நில அளவையாளன், ஊரின் எல்லையையெல்லாம் அங்குலம் பிசகாமல் சொல்லக்கூடியவன், அன்று வாயைத் திறக்கவில்லை.

"இவன் ஒரு வருஷம் வீட்டுல இருந்து படிக்கட்டும்," என்றார் மாமனார். "அடுத்த வருஷம் மறுபடி போவோம். நேர்காணல் அன்னிக்கு மட்டும்... நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிடும்மா. உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம்."

அந்தச் சொல் அவள் நெஞ்சில் தைத்தது. ஆனாலும் சொன்னாள்: "நான் எங்க வேணா போறேன், மாமா. என் பிள்ளையை ஒரு வருஷம் சும்மா உட்கார வைக்காதீங்க!"

தெருமுனையில் அவள் வைத்திருந்தது ஆல்டரேஷன் கடை. ஊரிலுள்ள எல்லாப் பள்ளிச் சீருடைகளும் அங்கேதான் வைத்தியத்துக்கு வரும். இந்த இரண்டு மாதத்தில் ஏழு பள்ளிகள் ஏறி இறங்கினாள். மற்றவர்கள் கட்டடத்தைப் பார்ப்பார்கள். அவள் தையலைப் பார்த்தாள். கால்வாய்க்கரைக் கால்சட்டைகள் முட்டி கிழிந்து வரும். பைக்குள் கோலிக்குண்டு, நத்தை ஓடு, ஒருமுறை உயிருள்ள தவளை. அது கடையில் நான்கு நாள் தங்கிவிட்டுத்தான் போனது. மடத்துப் பள்ளி உடுப்பில் ஒரு கிழிசல் இருக்காது. காலர் மாற்ற மட்டும் வரும். ஏன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மாமனார் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் தூக்கி வந்தார். அதிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை, பச்சைக் குழந்தையை எடுப்பதுபோல் எடுத்தார்.

"உன் புருஷன் போட்டது. இருபத்தெட்டு வருஷமாப் பேரனுக்காக வச்சிருக்கேன். அவன் அளவுக்குத் தச்சு வை. உன்னால கெட்டது உன் கையாலயே சரியாகட்டும்."

அவள் வாங்கினாள். கை பழக்கத்தில் காலருக்குப் போனது. இரண்டு நுனியிலும் ஒட்டு.

"இது என்ன மாமா?"

"எலி. அந்தக் காலத்துல இந்த வீட்டுல அப்படி ஒரு எலி! எல்லாச் சட்டையிலயும் காலரையே கடிக்கும். மூணு பூனை வளத்தேன். பூனைங்க பெருத்து வாசல்ல நுழைய முடியாமப் போச்சே தவிர, எலி அடங்கல. போய்ச் சேந்த உன் அத்தைதான் உக்காந்து உக்காந்து ஒட்டுப் போட்டா."

அவள் பிளேடை எடுத்து ஒட்டைப் பிரித்தாள். உள்ளே துணி நைந்து, ஊறி, நூல்நூலாகக் கிடந்தது.

"எலி கடிச்சா கத்தரிச்ச மாதிரி இருக்கும், மாமா. இது... மென்னது."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனின் கை, தன்னையறியாமல் தன் காலருக்குப் போயிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சட்டையை மடித்தாள். "விடுங்க மாமா, எலியாத்தான் இருக்கும்..."

"போதும்!" என்று எழுந்தான் அவன். "இன்னும் எத்தனை நாளைக்குடி எனக்காகப் பொய் சொல்லுவ? அப்பா... அந்த எலி நான்தான். தினம் காலையில பிரார்த்தனை ஒப்பிக்கணும். ஒரு வரி விட்டா மதியம் வரைக்கும் நிக்கணும். பயத்துல காலரைக் கடிச்சுக்கிட்டே நிப்பேன்."

"ஏண்டா... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம்ப்பா. எப்படிச் சொல்றது? அன்னிக்கு நேர்காணல்ல பெரிய துறவி, 'பழைய மாணவர்தானே, பிரார்த்தனையில ரெண்டாவது செய்யுளைச் சொல்லுங்க'ன்னார். எனக்கு நாக்கு எழும்பல. நாப்பது வயசு ஆம்பளை... காலரை வாயில வச்சுக்கிட்டு நின்னேன். அவர் ஃபைலை மூடிட்டார். இவ ஒரு வார்த்தை உளறல. பழியைத்தான் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா!"

மாமனார் மருமகளைப் பார்த்தார். "ஏம்மா இப்படிச் செஞ்ச?"

"உங்க முன்னாடி அவர் தலை குனியறதை நான் பாக்கணுமா, மாமா? என்னைத் திட்டினா நாலு நாள்ல ஆறிடும்னு நினைச்சேன்..." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கிழவர் அந்த ஒட்டைத் தடவிப் பார்த்தார். பொடிப்பொடியான தையல்.

"உன் அத்தைக்கும் தெரிஞ்சிருக்கு... அவ எலின்னு சொன்னா. நீ 'நான்தான் உளறிட்டேன்'னு சொன்ன. ரெண்டு பேருமாச் சேந்து இவனைக் காப்பாத்தினீங்க, என்னையும் காப்பாத்தினீங்க. நான் என்னடான்னா உன்னை வீட்டை விட்டுப் போயிருன்னு..." அவர் தோள்கள் குலுங்கின. விசில் நெஞ்சில் தட்டித் தட்டி ஆடியது. "மன்னிச்சிடு தாயி!"

"ஐயோ, பெரிய வார்த்தை பேசாதீங்க மாமா!" அவள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டான். பேரன் பல் தேய்த்த நுரையோடு வந்து, என்ன ஏது என்று கேட்காமல் இடுக்கில் புகுந்துகொண்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கா கடைசி? என் வீட்டு விண்ணப்பம் கடைசி நிமிஷத்துலயா போகும்? கையெழுத்தைப் போடுடா!" விசிலை ஊதினார். தெருவில் இரண்டு சைக்கிள்கள் நின்றுவிட்டன.

பள்ளி திறந்து இரண்டாம் வாரம். பேரன் நெஞ்சு முதல் கால் வரை சேறாக வந்து நின்றான். தாத்தா அவனைப் பக்கத்தில் இழுத்தார். அவன் காலரின் இரண்டு நுனியையும் விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். மொடமொடவென்று உலர்ந்திருந்தது. பிறகுதான் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா! ஓடி வாயேன்!" அவர் குரல் தெருமுனைக் கடைவரை கேட்டது. "முட்டி கிழிஞ்சு போச்சும்மா... ரெண்டு பக்கமும் கிழிஞ்சு போச்சு!"