மூன்றாகப் பங்கிட்ட முதலுதவிப் பை

முதலுதவிச் சாமான்களின் மொத்த எடை அறுநூற்று இருபத்திரண்டு கிராம். வனச் சோதனைச் சாவடிக்கு எதிரில் இருந்த பழக்கடைத் தராசு அப்படிச் சொன்னது. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கும் மூன்று பேர் அதைச் சுற்றி நின்றார்கள். மூன்று பேர் என்றால் மூன்று பங்கு. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"துணி, பஞ்சு எல்லாம் ஒரு பை. தண்ணி மருந்து, பொட்டலம் எல்லாம் ஒரு பை. இரும்புச் சாமான் ஒரு பை" என்றான் வெள்ளத்துரை. "ஒரே சாமானை மூணு பேரு சுமக்கது வெட்டி வேலை. நமக்கு வேகம்தான் முக்கியம்."

வேகம் முக்கியம்தான். அவனுடைய அண்ணன் சுடலைமுத்து முந்தின நாள் காலையில் கூகைமலைக்குள் போனவன், இன்னும் திரும்பவில்லை. எங்கோ கிடைத்த ஒரு ஜெராக்ஸ் வரைபடம் அவனைக் கூட்டிப் போயிருந்தது. அதில் ஓர் ஓடை, ஒரு குகை, ஒரு குடம் இருந்தன. நம்பிக்கை வருவதற்காக ஒரு பாம்பும் வரைந்திருந்தது.

துணி இருநூற்றுப் பத்து கிராம். மருந்தும் இருநூற்றுப் பத்து. இரும்பு மட்டும் எட்டு கிராம் குறைந்தது. அந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாமல் ஜெபசிங் பழக்கடைக்காரரிடம் நான்கு பெரிய ஊக்குகள் வாங்கிச் சேர்த்தான். துணிப் பை செண்பகவல்லிக்கு, மருந்துப் பை ஜெபசிங்குக்கு, இரும்புப் பை வெள்ளத்துரைக்கு.

வனக்காவலர் இசக்கி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஆளுக மேற்குச் சரிவுல தேடுதாங்க. நீங்க ஓடையை ஒட்டிக் கெழக்க மட்டும் பாருங்க. மூணு மணிக்குக் கீழ நிக்கணும். ஆளு தட்டுப்பட்டா விசில மூணு தடவை ஊதுங்க. தூக்க நாங்க வாரோம். வீரத்தைக் காட்டப்படாது, என்ன?"

"காட்ட மாட்டோம் சார். எங்ககிட்ட அது கிடையாது" என்றான் ஜெபசிங். யாரும் சிரிக்கவில்லை.

ஏறத் தொடங்கினார்கள். ஈரப் பாறைகள் காலை வாரின. அட்டைகள் ஏறின. வெள்ளத்துரை பத்தடிக்கு ஒருமுறை அண்ணன் பெயரைக் கூப்பிட்டான். மலை அதைத் திருப்பிச் சொன்னதே தவிர, வேறெதுவும் சொல்லவில்லை.

நண்பகலில் ஓடை இரண்டாகப் பிரிந்தது.

"நான் இடது பக்கம் போறேன். தொரை, நீ வலது பக்கம்" என்றாள் செண்பகவல்லி. "ஜெபா, நீ இங்கயே நில்லு. ரெண்டு பக்கமும் காது வச்சுக்கோ. அரை மணி நேரம் போயிட்டுத் திரும்பிரணும்."

திட்டம் நன்றாகவே இருந்தது. பைகளை மாற்றிப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இருபதாவது நிமிடத்தில் ஒரு பெரும்பாறைக்கு அடியில் வெள்ளத்துரை ஒரு நீலச் சட்டையைக் கண்டான். அண்ணன் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது முழங்காலுக்குக் கீழே கால் கோணியிருந்தது. கெண்டைக்கால் சதையில் ஒரு நீளமான கிழிசல், இரவோடு இரவாகக் காய்ந்து கறுத்திருந்தது.

"தொரை" என்றான் சுடலைமுத்து. தம்பியைக் கண்ட சந்தோஷத்தில் பாறையைப் பிடித்து எழுந்தான்.

"எந்திரிக்காதண்ணே!"

எழுந்தாயிற்று. கால் மடங்கியது, காய்ந்திருந்த காயம் பிளந்தது. இரத்தம் பொங்கிக் கணுக்காலில் வழிந்தது.

வெள்ளத்துரை பையைத் திறந்தான். கத்தரிக்கோல், இடுக்கி, வெப்பமானி, ஊக்குகள், விசில். இரும்புக்கு இரத்தத்தை உறிஞ்சும் குணம் கிடையாது. பஞ்சு ஒரு மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், செண்பகவல்லியின் முதுகில், சரியாக இருநூற்றுப் பத்து கிராம் இருந்தது. பிரித்துக் கொடுத்தவன் அவன்தான்.

தன் சட்டையைக் கழற்றி மடித்தான். காயத்தில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்தினான். விசிலைப் பல்லில் கடித்து மூன்று முறை ஊதினான். நிறுத்தினான். மறுபடி மூன்று முறை.

சட்டை நனைந்தது. எடுத்துப் பார்க்கக் கை துடித்தது. எடுக்கக் கூடாது, எடுத்தால் மறுபடி பிளக்கும் என்று கல்லூரி முகாமில் சொன்னது நினைவுக்கு வந்தது. எடுக்கவில்லை. ஒற்றைக் கையால் பனியனை உருவி, சட்டையின் மேலேயே வைத்து இன்னும் பலமாக அழுத்தினான்.

"தூக்கமா வருதுல" என்றான் அண்ணன்.

"தூங்கக் கூடாது. பேசு. குகைல என்ன இருந்துச்சு?"

"முள்ளம்பன்றி முள்ளு."

"எத்தனை?"

"அஞ்சாறு இருக்கும். உனக்குப் பங்கு தரமாட்டேன்."

"வேண்டாம். கண்ணைத் தொற."

"அம்மாகிட்ட என்னன்னு சொன்ன?"

"நீ கூட்டாளி கல்யாணத்துக்குப் போயிருக்கன்னு. கண்ணைத் தொறன்னு சொல்லுதேன்லா."

அண்ணனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெள்ளத்துரை மறுபடி விசில் ஊதினான். ஊத மூச்சுப் போதவில்லை. அழுகை குறுக்கே வந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

இருபத்தைந்து நிமிடம் கழித்துச் சரிவில் கற்கள் உருண்டன. செண்பகவல்லி உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தாள். பின்னால் ஜெபசிங், இரண்டு முழங்கையும் தேய்ந்து.

"கையை எடுக்காத. நான் மேல சுத்துதேன்" என்றாள். அவன் விரல்களின் ஓரமாகவே பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டினாள். ஜெபசிங் இரண்டு நேரான கிளைகளை ஒடித்து வந்தான். காலை நிமிர்த்தாமல், கிடந்த கிடையிலேயே கிளைகளை இருபுறமும் வைத்துக் கட்டினார்கள். துணியின் நுனிகளை ஊக்குகள் பிடித்தன.

ஜெபசிங் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைக்கப் போனான்.

"ஆப்பரேசன் பண்ண வேண்டியிருக்கும்ல. நாக்கு நனையற அளவுக்கு மட்டும் குடு" என்று தடுத்தாள் செண்பகவல்லி.

நாக்கு நனைந்ததும் சுடலைமுத்து கண்ணைத் திறந்தான். "உப்புக் கூடிப்போச்சு" என்றான். மூன்று பேருக்கும் அதைவிட நல்ல செய்தி அன்றைக்குக் கிடைக்கவில்லை.

விசில் கேட்டு இசக்கி நான்கு ஆட்களோடு ஏறி வந்தார். மூங்கில் கம்பும் தார்ப்பாயும் தூக்குக் கட்டிலாயின. வழியெல்லாம் வெள்ளத்துரை கட்டின் மேல் கை வைத்தபடியே பக்கவாட்டில் நடந்தான். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சாவடிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள். வெறும் உடம்போடு இருந்த வெள்ளத்துரைக்கு யாரோ ஒரு துண்டு கொடுத்தார்கள்.

ஜீப் மருத்துவமனைக்குக் கிளம்பியது.

"இனிமே மூணு பையிலயும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கணும்" என்றான் வெள்ளத்துரை. "தனியா மாட்டிக்கிட்டாலும் ஒரு பை ஒரு ஆளைக் காப்பாத்தணும்."

"எடை கூடுமே" என்றான் ஜெபசிங், பழக்கதோஷத்தில்.

செண்பகவல்லி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அத்தோடு அந்த வாதம் முடிந்தது.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் கட்டைப் பார்த்தார். தொடையிலும் பாதத்திலும் தொட்டு நாடி பார்த்தார். "கால் பிழைச்சுக்கும். கையை எடுப்பா, உள்ள கொண்டு போகணும்" என்றார்.

வெள்ளத்துரை எடுக்கத்தான் பார்த்தான். விரல்கள் மடங்கிய நிலையிலேயே விறைத்துப் போயிருந்தன. அவன் சொன்னதை அவை கேட்கவில்லை.

சுடலைமுத்து படுத்தபடியே கை நீட்டித் தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

"விடுல" என்றான். "போயிட்டு வந்துருதேன்."