இடது கன்னம்

காற்றே இல்லாத அறையில் அவர் கன்னத்தில் காற்று பட்டது.

வாட்ச் ரிப்பேர்காரருக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த முன்னறைக்குள் காற்று நுழைய வழியே இல்லாமல் செய்து வைத்திருந்தார். ஜன்னல் இடுக்குகளில் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டி, கதவடியில் பழைய போர்வையைச் சுருட்டிச் செருகி, மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றி அலமாரி மேல் போட்டு வருஷம் ஒன்றுக்கு மேலாகிவிட்டது. கடையை மூடி வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். அவர் முகத்தின் இடது பக்கத்து நரம்பு கெட்டுப்போயிருந்தது. ஒரு முடி உரசினால் போதும், யாராவது விறுவிறுவென்று கடந்து போனால் எழும் காற்று போதும், காதோரத்திலிருந்து தாடை வரை மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வலி. வந்த வேகத்தில் போய்விடும். போன வேகத்தில் மறுபடி வரும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது வந்தவனுக்கே சரியாகத் தெரியாது. போன பிறகு அப்படியா வலித்தது என்று அவனே சந்தேகப்படுவான்.

இப்போது வலித்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக்கூடக் கடிக்க முடியாமல், அது போகும்வரை உட்கார்ந்திருந்தார். பட்டப்பகல். சுவரில் மாட்டியிருந்த கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் டிக் டிக்கென்று ஓடின. எண்ணெயும் பித்தளையும் கலந்த வழக்கமான வாடைக்கு நடுவே வேறொன்று இருந்தது. ஈரத்துணியை மடித்து வைத்து மறந்துபோனால் வருமே, அந்த நெடி. கன்னத்தில் பட்டது வெதுவெதுப்பாக இருந்தது என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மனைவி வங்கியில் காசாளர். சாயங்காலம் வந்ததும் கதவைத் தாலாட்டுவதுபோல மெல்லத் திறந்து, மெல்ல மூடி, காற்று அடங்கும்வரை வாசலருகே அப்படியே நிற்பாள். அவர் பக்கத்தில் வரும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். வாய்விட்டுப் பேசுகிறவளைக் கட்டிக்கொண்டு ஊமையாக்கிவிட்டோமே என்று அவருக்கு உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருக்கும்.

"இன்னிக்கு ரொம்ப வந்துச்சா?" என்றாள், எட்ட நின்று.

"வந்துச்சு."

"என்ன பட்டுச்சு?"

போன வாரம் டாக்டர் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

"ஒரு ரத்தக்குழாய் நரம்பு மேல அழுத்திக்கிட்டு இருக்கு," என்றிருந்தார் டாக்டர். "காதுக்குப் பின்னால திறந்து பிரிச்சு விடணும். பிரிக்க வரலேன்னா நரம்புல கொஞ்சம் வெட்டணும். கன்னம் மரத்துப்போகலாம். அந்தக் காது கேக்காம போகலாம். மூளைக்குப் பக்கத்துல வேலை, அதுக்கு மேலயும் ஆகலாம். நீங்கதான் முடிவு பண்ணணும். ஒண்ணு மட்டும் நல்லா கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க. ஏதாவது பட்டா மட்டும்தான் வலிக்குதா? எதுவுமே படாம தானா வலிச்சா அது வேற ரகம். திறந்தும் பிரயோஜனம் இல்ல."

ஆக, பட்டதா படவில்லையா? அது தெரியாமல் தலையைக் கொடுக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று வாட்ச் ரிப்பேர்காரர் நினைத்தார். மயிரிழை ஸ்பிரிங் நடுங்குவதைப் பார்த்தே அதன் நோயைச் சொல்லுகிற மனிதர் அவர்.

மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும், வாட்ச் சுற்றிக் கொடுக்கிற மெல்லிய தாளில் ஒரு கீற்று வெட்டி, மேஜை விளக்கின் கழுத்தில் நூலால் கட்டித் தன் இடது கன்னத்தில் படாமல், அதற்கு வெகு கிட்டத்தில் தொங்கவிட்டார். கதவைச் சாத்தினார். போர்வையைச் செருகினார். உட்கார்ந்து, சின்ன முள்ளைப் பொருத்தும்போது செய்வதுபோல மூச்சை அடக்கினார்.

தாள் தொங்கியது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் ஓய்ந்தது. சமையலறைக் குழாயில் நீர் சொட்டியது. மூச்சு முட்டும்போது முகத்தை வலது பக்கம் திருப்பி விட்டுவிட்டு மறுபடி அடக்கினார். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று எழுந்திருக்கப் போன நேரத்தில், தாள் அசைந்தது.

விளக்குப் பக்கமாகச் சாய்ந்தது. நின்றது. திரும்பி வந்தது.

மறுபடி சாய்ந்தது. நிதானமாக. தூங்குகிறவர் மூச்சுபோல.

வலி வெட்டியது. கண்ணில் நீர் வழிய, அந்த வலிக்கு நடுவிலும் அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தது. பட்டுத்தான் வலிக்கிறது. ஆபரேஷன் பலிக்கும். அந்தச் சந்தோஷம் ஒரு நொடி இருந்தது. அப்புறம்தான் பட்டது எது என்ற கேள்வி வந்தது.

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். வெதுவெதுப்பு இடது கன்னத்திலேயே இருந்தது. எழுந்து கதவோரம் போனார். அங்கேயும் இடது கன்னம். இடது தோளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். சுவருக்கும் அவர் முகத்துக்கும் நடுவே ஒரு கை நுழையத்தான் இடம். அங்கிருந்து வந்தது.

வலியைப் பிடித்துக்கொண்டுதான் அன்று அவர் தப்பித்தார். சுள்ளென்றால் கிட்டே இருக்கிறது. லேசாகச் சுரீரென்றால் சற்றுத் தள்ளி இருக்கிறது. வலி இருக்கும்வரை அது எங்கே இருக்கிறதென்று தெரியும். வலியைப் பார்த்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஒதுங்கிக்கொண்டே பொழுதைத் தள்ளினார்.

"ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்," என்றார் அன்று மனைவியிடம்.

காற்று கிளம்பாத அந்த அடங்கிய குரலிலேயே அவள் சொன்னாள். "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்பாங்க. நானும் ஏறி உக்காந்துட்டேன். இறங்கத்தான் தெரியல. இருமல் வந்தா தலையணையில முகத்தைப் புதைச்சுக்கறேன். சிரிப்பு வந்தா பாத்ரூமுக்குப் போறேன். உங்க பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு தடவை நல்லா மூச்சு விடணுங்க எனக்கு. அவ்வளவுதான்."

இப்படிக் கேட்கிறவளிடம் என்ன சொல்ல? இங்கே இன்னொன்று மூச்சு விடுகிறது என்றா? புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பாள். அல்லது நம்பிவிடுவாள். இரண்டில் எது மோசம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க மனசு தாங்கவில்லை.

"சரி," என்றார்.

"ஏதாவது பட்டாத்தானே வலிக்குது?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆமா டாக்டர். பட்டாத்தான்."

பிரிக்க வரவில்லை. வெட்டினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலி போன இடம் தெரியவில்லை. டாக்டர் சொன்னபடியே இடது கன்னமும் உதட்டின் பாதியும் மரத்துப்போயின. இடது காது அடைத்துக்கொண்டது. யார் பேசினாலும் வலது காதைத் திருப்ப வேண்டியிருந்தது. போனால் போகட்டும் என்று விட்டார். மனைவி ஸ்பாஞ்சுப் பட்டைகளைப் பிய்த்து எறிந்தாள். மின்விசிறிக்கு இறக்கை முளைத்தது. அவர் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துப் பெருமூச்சு விட்டு, "தெரியுதா?" என்றாள். தெரியவில்லை. இருவரும் சிரித்தார்கள். அவள் சத்தமாகவே சிரித்தாள், அவருக்கு அழுகை வந்துவிட்டது.

காற்று இத்தனை இருக்கும் வீட்டில் எது எந்தக் காற்று என்று யார் கண்டது? அதைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாஷ்பேசின் முன்னால் நின்று கன்னம் இரண்டிலும் நுரை தடவினார். இடது பக்கம் சவரம் செய்து எத்தனையோ காலம் ஆயிற்று. கத்தி பட்டு வெட்டினாலும் தெரியாது, கண்ணாடியைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஜன்னல் வழியே நல்ல வெயில். சமையலறையில் பாத்திரச் சத்தம்.

பாத்திரச் சத்தம் நின்றது.

"யாரோட பேசிட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி, அங்கிருந்தே.

"நான் பேசலியே."

"முணுமுணுன்னு கேக்குதே. இப்பவும் கேக்குது."

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. வலது காதைத் திருப்பினார். ஒன்றுமில்லை. ஈரத்துணி நெடி மட்டும். கண்ணாடியைப் பார்த்தார்.

வலது கையில் ரேசர். இடது கை வாஷ்பேசின் விளிம்பில்.

இடது கன்னத்து நுரை நடுங்கியது. காதோரம் அதில் விரல்நுனி அளவுக்கு ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. நான்காவது.

நான்கும் கீழே இறங்கின. மெதுவாக. நுரை விலகியது. சதை இழுபட்டது.

"வலிக்குதாங்க?" அவள் வந்துகொண்டிருந்தாள். "ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

வலிக்கவில்லை. எதுவுமே தெரியவில்லை. கண்ணாடியில் அந்த நான்கு கோடுகளும் உதட்டோரம் வந்து நின்று, மரத்த உதட்டைப் பொறுமையாக விலக்கி, ஒவ்வொன்றாக வாய்க்குள் போயின.