கவிழ்த்து வைத்த துருப்பு

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஜம்புநாதன் வீட்டுக் கதவைத் திறந்தான் அவருடைய உதவியாளன் புருஷோத்தமன். வாசலில் லோயிஸ் அழுதுகொண்டிருந்தாள். நிறைமாதக்காரி, லாலாகூடா ரயில்வே காலனியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"பத்து மணிக்கு அவரை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களாம் சார். குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணுமாம். அவர் எடுக்கலை சார்!"

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஜம்புநாதன் சவரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டார். லோயிஸின் கணவன் ரூஃபஸ் பட்டறையில் ஃபிட்டர், தொழிலாளர் மன்றத்தின் செயலாளர். மன்றத்து பீரோவில் சார்ஜ்மேன் பதவி உயர்வுப் பரீட்சையின் கேள்வித்தாள் இருந்தது; சாவி அவனிடம். ஞாயிறு மதியம் மன்றத்து வராந்தாவில் ரூஃபஸ், துரைராஜ், ஏனோக், சாரங்கபாணி நால்வரும் முந்நூற்று நாலு சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நிலக்கரிக் கிடங்கில் தீ என்று சங்கு ஊதியதும் சீட்டைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். சாவி, நாற்காலியில் தொங்கிய ரூஃபஸின் கோட்டுப் பையிலேயே இருந்துவிட்டது.

தீ அடங்குவதற்குள் பீரோ திறந்து கிடந்தது, கேள்வித்தாளைக் காணோம். பட்டறையின் மேலதிகாரியான துரை உடனே வராந்தாவைப் பூட்டி முத்திரை வைத்தார். கிடங்கிலிருந்த ரூஃபஸை அப்படியே காவலறைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் புகையில் யார் எங்கே இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? மற்ற மூவரும் தீயை விட்டு நகரவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள்.

லாலாகூடா போய்ச் சேர்வதற்குள் புருஷோத்தமன் மனதுக்குள் மூவரையும் மாறி மாறிக் கைது செய்துவிட்டான்.

ஒன்பதரைக்கு முத்திரை உடைந்தது. காவலறையிலிருந்து ரூஃபஸைக் கொண்டுவந்தார்கள்; மற்ற மூவரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். மேஜை நடுவில் இரண்டு சீட்டுகள் திறந்து கிடந்தன. ரூஃபஸின் இடத்துக்கு முன்னால் ஒரு சீட்டு தனியாகக் கவிழ்ந்திருந்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். லோயிஸ் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"எதையும் தொடாதீங்க. ஆட்டம் எப்படிப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க," என்றார் ஜம்புநாதன்.

"ரூஃபஸ் எரநூத்தம்பது ஏலம் கேட்டான், துருப்பைக் கவுத்து வெச்சான். ரெண்டு சீட்டு எறங்கினதுமே சங்கு ஊதிடுச்சு," என்றார் சாரங்கபாணி.

"ஹவ் சார், ஆமா, அதேதான்," என்றான் ஏனோக்.

துரைராஜ் சிரித்தான். "என்னை எதுக்கு சார் கேக்குறீங்க? டைமன் துருப்பு, என் கையில ஒரு டைமன்கூட இல்லை. எதை வெச்சு வெட்டுறது? நான் தோத்த கேஸ்."

இதில் என்ன இருக்கிறது என்று புருஷோத்தமனுக்கு எரிச்சலாக வந்தது. ஜம்புநாதன் ரூஃபஸிடம் திரும்பினார்.

"துருப்பு என்னன்னு இவங்க யார்கிட்டயாவது சொன்னியா?"

"அதை யாராவது சொல்வாங்களா சார்? வெட்டணும்னு ஒருத்தர் கேட்டாத்தானே திறப்போம். அதுக்குள்ள ஓடிட்டோம். அப்புறம் இவங்களோட பேசவே இல்லை."

ஜம்புநாதன் கவிழ்ந்த சீட்டைத் திருப்பினார். டைமன் ஏழு.

"துரைராஜ், இது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கு... குத்துமதிப்பா சொன்னேன்."

"குத்துமதிப்பா சொல்றவன் தோத்துட்டேன்னு வருத்தப்பட மாட்டான். எல்லாரும் தீயில இருந்தப்போ நீ சாவிக்குத் திரும்பி வந்தே. வந்த வேலையை மட்டும் பார்த்திருந்தா தப்பிச்சிருப்பே. ஆளில்லாத மேஜையில துருப்பு கவுந்து கிடந்தா, சீட்டாடுறவன் கை சும்மா இருக்குமா? தூக்கிப் பார்த்துட்டுத் திரும்பக் கவுத்துட்டே."

துரைராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "பேப்பர் வீட்டுல அரிசி டப்பாவுல இருக்கு," என்றான். "மூணு தடவை ஃபெயில் சார். இந்தத் தடவையும் போனா..."

"என்னை வயித்துப் புள்ளையோட தெருவுல நிக்கவிட்டுப் பார்த்திருப்பீங்களா அண்ணே?" என்று லோயிஸ் வெடித்தாள்.

துரை கையசைத்ததும் ரூஃபஸை விட்டார்கள். அவன் மனைவியிடம் போகாமல் முதலில் துரைராஜிடம் வந்தான். அடிக்கப் போகிறான் என்று புருஷோத்தமன் பதறி நடுவில் பாய்ந்தான்.

"பதினோரு வருஷமா எதிரெதிரே உக்காந்திருக்கோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே உனக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருப்பேனேடா," என்றான் ரூஃபஸ்.

"உன்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு," என்றான் துரைராஜ்.