மூன்று எண்ணும் வரை

கடற்கரைப் பாதையில்தான் அவள் அதைக் கவனித்தாள். அவள் வாய் திறந்தால் வெள்ளையாய்ப் புகை வந்தது. பக்கத்தில் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த புருஷன் வாயிலிருந்து ஒரு பொட்டுப் புகை இல்லை.

காற்றுக்குக் கண்ணில் நீர் கோத்திருக்கிறது, சரியாகத் தெரியவில்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வெயில் ஊரில் பிறந்து பேக்கரி அடுப்பின் முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவன் அவன். வெறுங்கையை அடுப்புக்குள் நீட்டி எண்ணுவான். மூன்றுக்குள் கை தானாக வெளியே வந்தால் ரொட்டி வைக்கலாம், அதற்கு மேலும் தாங்கினால் சூடு போதாது. இந்தக் குளிர்த் தீவுக்கு அவள்தான் அடம்பிடித்து இழுத்து வந்தாள். வந்த அன்று அவனுக்குப் பல் தந்தியடித்தது. உன் பேச்சைக் கேட்ட என்னைச் சொல்லணும் என்று புலம்பித் தீர்த்தான். மறுநாள் கோபித்துக்கொண்டு உறைந்த ஏரிப் பக்கம் தனியாகப் போனவன், இருட்டிய பிறகு, கோட்டு இல்லாமல், தலை நனைந்து, சிரித்துக்கொண்டே திரும்பினான். அன்றிலிருந்து குளிர் அவனுக்கு வெல்லமாய் இனித்தது. முதுகு வேர்க்குருகூடப் போய்விட்டது. அவளுக்கும் சந்தோஷம்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று.

விடுதிக்கார அம்மாதான் சிரிக்கவில்லை. அவருக்குக் குளிருதா என்று தினமும் கேட்பாள். இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்று காலை அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"நாளைக்குப் படகு வருது. நீ மட்டும் போயிடும்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டினவனை விட்டுவிட்டா?

அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மூலையிலிருந்த இரும்பு அடுப்பில் விறகை அடுக்கிப் பற்றவைத்தாள். உடம்பில் கொஞ்சம் சூடு ஏறினால் எல்லாம் சரியாகிவிடும். வெளியே சாயங்காலத்துக்கு முன்பே வெளிச்சம் போய்விட்டது. விறகு வெடிக்கும் சத்தம், பிசின் வாசனை, சுவரில் ஆடும் நிழல், இத்தனைக்கும் நடுவில் அவன் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து மட்டும் பாழுங்கிணற்று வாடை அடித்தது.

"இங்கயே இருந்திடலாமா?" என்றான்.

"நாளைக்குப் போறோம். ரெண்டு பேரும்." என்றாள் அவள்.

அவன் எழுந்து போய் அடுப்புக் கதவைத் திறந்தான். பழக்கம் விடவில்லை. கையை உள்ளே நீட்டினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கை வெளியே வரவில்லை.

ஏழு. எட்டு.

கருகல் வாசனை இல்லை. நெருப்பில் தண்ணீர் சொட்டும் சத்தம். சுர். சுர்.

ஓட நினைத்தாள்.

எண்ணுவதை நிறுத்திவிட்டு அவன் திரும்பினான். சட்டைக்கை முழங்கைக்குக் கீழே காலியாகத் தொங்கியது. அதன் நுனி எரிந்துகொண்டிருந்தது.

"சூடே ஏறல," என்றான். மற்ற கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து அடுப்பை நோக்கி மெல்ல இழுத்தான்.

"நீ வேணா வச்சுப் பாரு."