நாலு நிமிட வெளிச்சம்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனித குலம் கண்ட மூன்றாவது பெரிய காரியம் திருப்பூரில்தான் நடந்தது. அதைச் செய்தவர்களில் தானும் ஒருவன் என்பதை நல்லசிவம் எந்த மேடையிலும் சிரிக்காமல் சொல்வான். கேட்பவர்களும் சிரிக்கமாட்டார்கள். ஊரில் பாதிப் பேரின் பிடரியில் இருந்தது அவன் பொருத்திய படலம்.

ஒரு காலத்தில் பனியன் பின்னிய ஆலைகள் இப்போது ஒளிமாற்றுப் படலம் பின்னின. வெங்காயச் சருகைவிட மெல்லியது; எப்படி வளைத்தாலும் ஒடியாது. பிடரித் தோலுக்கடியில் வைத்தால் அதிலிருந்து ஓர் இழை மண்டைக்குள் போகும். கைவிளக்கின் அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாமல் தசையைத் தாண்டிப் போய் விழ, படலம் அதை நீல ஒளியாக மாற்றி உள்ளே அனுப்பும். நீலம் பட்டதும், மனக்காயத்தை நரம்பில் இறுக்கிப் பிடித்திருக்கும் வடுப்புரதம் முறுக்கவிழ்ந்து கரையும். நடந்தது மறக்காது, வலி மட்டும் போய்விடும். நாலே நிமிடம்.

தன் பிடரிக்குத் தானே விளக்குப் பிடிப்பது சிரமம். ஆகவே தப்புச் செய்தவரே பிடித்துவிடுவது ஊர் வழக்கமாயிற்று. பேருந்தில் காலை மிதித்தவர், "கொஞ்சம் திரும்புங்க சார்" என்பார். மேலாளர்களின் சட்டைப்பையில் பேனா இருந்த இடத்தில் விளக்கு இருந்தது.

"அந்தக் காலத்துல போன்ல ரெண்டு கை கும்பிடற பொம்மைய அனுப்பி முடிச்சுக்குவாங்களாம்," என்பான் நல்லசிவம். "அனுப்புனவனுக்கு நிம்மதி, வாங்குனவனுக்கு வலி. காட்டுமிராண்டிக் காலமுங்க."

குற்றவுணர்ச்சிக்கும் ஒரு புரதம் உண்டென்று ஆய்வகத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு யாரும் படலம் செய்யவில்லை. சந்தையில் கேட்பாரில்லை.

ஒரு நாள் சாயப்பட்டறையிலிருந்து ஓய்வுபெற்ற ராக்கியப்பன், நல்லசிவம் படலம் பொருத்தும் கடைக்கு வந்தார்.

"தம்பி, என்ற ஊட்டுக்காரி படலத்தக் கழட்டிப்போடோணும்."

"ரிப்பேருங்களா?"

"நல்லாத்தான் வேல செய்யுது. அதான் ரோதன. முப்பது வருசம் அவள வாய்க்கு வந்தபடி பேசியிருக்கறன். நேத்துப் போயி முன்னால நின்னு, மன்னிச்சுக்க புள்ளைனேன். எதையின்னு கேக்கறா."

நல்லசிவத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "திட்டு வாங்க ஆசைப்பட்டு வந்த மொத ஆளு நீங்கதானுங்க!"

கரைந்த புரதம் மறுபடி முறுக்கேறாது என்று சொல்லி அனுப்பிவைத்தான். ஒரு வாரம் பார்த்தவர்களிடமெல்லாம் அவரைப் போலவே பேசிக் காட்டினான்.

அடுத்த மாதம் கோவைக் கண்காட்சி மேடையில் அதே கதையைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது, அவன் பையில் கைபேசி ஓசையில்லாமல் பதினொரு முறை துடித்தது. வீட்டில் மாமனாருக்கு நெஞ்சுவலி. வீட்டு வாசலில் நின்ற வண்டி அவன் குரலுக்கு மட்டும்தான் கிளம்பும்; அப்படிப் பூட்டிவைத்தவனும் அவன்தான். போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவன் வீடு திரும்பியபோது அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கோகிலவாணி, அவனை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவனால் நிற்க முடியவில்லை. விளக்கை எடுத்தான்.

"திரும்பு, கோகிலா."

"வேண்டாங்க. இது கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்."

"உனக்குத்தான கஷ்டம்?"

"எனக்குங்களா?"

தோளைப் பிடித்துத் திருப்பினான். அவளுக்கு நல்லது செய்வதாகவே அப்போது நம்பினான். நாலு நிமிடம் கழிந்ததும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "அவரு போன எடுக்கலீங்க, மேடையில இருந்தாரு" என்று மழை பெய்த செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவன் எழுந்து உள்ளே போனான். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, நிலைக்கண்ணாடியில் பார்த்தபடி தன் பிடரிக்குத் தானே விளக்குப் பிடித்தான். எதுவும் கரையவில்லை. அவனை யாரும் காயப்படுத்தவில்லையே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம், கோகிலவாணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தான்.

"நான் போன எடுத்திருந்தா மாமா இருந்திருப்பாரு."

"ஆமாங்க. இருந்திருப்பாரு." அவள் கை நிற்கவில்லை.

"நீ வேண்டாம்னு சொன்ன. நாந்தான் கேக்காம விளக்கப் புடிச்சேன்."

"அதனால என்னங்க? இப்ப நல்லாத்தான இருக்கறன்?" அவன் முகத்தைப் பார்த்ததும் கீரையைத் தள்ளி வைத்தாள். "என்னங்க ஆச்சு? நான் என்ன செய்யோணும், சொல்லுங்க."

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"என்னைய ஒரு வார்த்த திட்டு."

கோகிலவாணி யோசித்தாள். அவனுக்கு எப்படியாவது உதவ வேண்டும் என்ற அக்கறை அவள் முகத்தில் இருந்தது.

"கல்நெஞ்சுக்காரா," என்றாள் மெல்ல. "சரியாச் சொன்னனுங்களா?"

"இன்னொருக்கா," என்றான் நல்லசிவம்.