பாப்பாவைப் பார்க்க வருகிறவர்

சுவரை ஒட்டிய மேசையில் அன்று மூன்று பேர் இருந்தார்கள். வாசலைப் பார்த்த நாற்காலியில் இருதயநாதன், ஆபீஸில் எல்லோருக்கும் மூத்தவர். அவருக்கு எதிரில், தெரிந்தவர் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துப் பிரஹலாத். மின்விசிறிக்கு நேர் கீழே முருகானந்தம். நான்காவது நாற்காலியில் மூவரின் ஹெல்மெட்டுகள். இவர்களைத் தவிர, கூடத்தின் கோடியில், தனி மேசையில், ஒருவர்.

முருகானந்தம் தம்ளரைத் தூக்கினான். கோடியில் இருந்தவரும் தூக்கினார். இவன் குடித்துவிட்டுக் கீழே வைத்தான். கொஞ்சம் பொறுத்து அவரும் வைத்தார்.

அவருடைய தம்ளரில் ஒன்றும் இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் முருகானந்தம்தான். மகள் பிறந்ததற்கு நண்பர்களுக்கு அவன் கொடுக்கும் விருந்து. தில்லை நகரில் புதிதாகத் திறந்த பாருக்குப் போகலாம் என்றான் பிரஹலாத். ஆனால் முருகானந்தம் எதையும் நேரில் பார்த்து முடிவு செய்கிறவன். ஒரு மத்தியானம் தனியாக வந்து கழிவறை, வண்டி நிறுத்துமிடம், மீன் வறுவல் எல்லாவற்றையும் சோதித்த பிறகு, பொன்மலையில் வெள்ளைக்கார எஞ்சின் டிரைவர்கள் குடித்த காலத்திலிருந்து நடக்கிற இந்தப் பெரைரா லாட்ஜ் பாரைச் சொன்னான். அன்று அந்தக் கோடி மேசை காலியாகத்தான் கிடந்தது.

"ட்ரீட்டுன்னு சொல்லி மியூசியத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களேய்யா. டிக்கெட் எங்க வாங்கணும்?" என்றார் இருதயநாதன்.

"இங்கன்னா பேசுறது காதுல விழும்ணே. தில்லை நகர்ல கத்தணும்."

"எங்காத்துல கத்தறதே போதும்பா எனக்கு," என்றான் பிரஹலாத்.

சிரித்தார்கள். பழைய தேக்கு மேடையின் பாலிஷ் வாசனையும், சிந்திக் காய்ந்த பீரின் புளிப்பும், ஈரத்துணியில் ஒட்டியிருந்த பினாயில் நெடியும் ஒன்றாகக் கலந்து மின்விசிறியின் காற்றில் வந்து வந்து போயின. எங்கோ ரயில் பட்டறைப் பக்கம் இரும்பில் இரும்பு தட்டும் ஓசை நின்றுவிட்டுத் திரும்பவும் தொடங்கியது. முருகானந்தம் சிரித்து முடித்த பிறகுதான் கோடியில் இருந்தவர் சிரித்தார். சத்தமில்லாமல். வாய் மட்டும் திறந்து மூடியது.

ஒருத்தர் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க, தான் மட்டும் சாப்பிடுவது தொட்டியத்தில் வளர்ந்த முருகானந்தத்துக்கு ஆகாது. அதுவும் வீட்டு விசேஷம்.

"வாங்க சார், நம்ம டேபிளுக்கு வாங்க. எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு."

மீன் தட்டோடு வந்துகொண்டிருந்த சப்ளையர் அப்படியே நின்றார். "சார், அவரைப் போயி..." என்று ஆரம்பித்தார். அதற்குள் நான்காவது நாற்காலியிலிருந்து ஹெல்மெட்டுகள் தரைக்கு வந்துவிட்டன. அவர் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு சப்ளையர் முருகானந்தத்தின் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவன் கேட்டதற்கெல்லாம் இருதயநாதனைப் பார்த்தே பதில் சொன்னார்.

"பாப்பா எங்க?" என்றார் வந்தவர்.

"தொட்டியத்துல, மாமனார் வீட்ல. வர்ற வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வந்துடுவாங்க. ஒரு நாள் வீட்டுக்கு வாங்க சார், பாப்பாவைப் பாக்க."

பால்காரரிடமும் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடமும் அவன் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தான். எல்லோரும் தலையாட்டிவிட்டு மறந்துபோனார்கள்.

"வரேன்," என்றார் அவர்.

மறுநாள் சாயங்காலமே அம்மா மண்டபம் ரோட்டிலிருந்த முருகானந்தத்தின் மாடி வீட்டுக்கு வந்துவிட்டார். விலாசம் சொன்ன ஞாபகமே அவனுக்கு இல்லை. கதவைத் திறந்தபோது காவிரிப் பக்கத்து ஈரக்காற்றோடு பினாயில் நெடியும் உள்ளே வந்தது.

"கூப்பிட்டீங்களே."

கூப்பிட்டவன் எப்படி வாசலில் நிறுத்துவான்? உட்காரச் சொன்னான். தண்ணீர் கொடுத்தான். அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இவன் குடித்தான். பிறகு குடித்தார். பாப்பாவுக்காக வாங்கி வைத்திருந்த புதுத் தொட்டிலைத் தலை சாய்த்துப் பார்த்தார். இவன் எப்போதும் சாய்க்கிற பக்கமே.

ராத்திரி ஆகியும் எழுந்திருக்கவில்லை. கிளம்புங்கள் என்று சொல்ல முருகானந்தத்துக்கு வாய் வரவில்லை. அறைக்குள் போய்ப் படுத்தான். கூடத்தில் மூச்சு கேட்டது. இவன் இழுத்தால் அங்கே இழுத்தது. இவன் அடக்கினால் அங்கே அடங்கியது. இடையில் ஒரு நொடி இருந்தது. அந்த நொடியைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்தான்.

காலையில் இருதயநாதன் போன் செய்தார். "ஏன்யா ஆபீஸ் வரல?"

"அண்ணே, அன்னைக்கு நம்மகூட உட்கார்ந்தாரே, அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? உங்க அண்ணன்னுல்ல நினைச்சேன். அச்சா உங்களையே உரிச்சு வச்ச மாதிரி."

முருகானந்தம் திரும்பிப் பார்த்தான். கோடி மேசையில் இருந்தவருக்கு எந்த மாதிரி முகம் இருந்தது என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை. இப்போது நாற்காலியில் இருந்த முகத்தில் அவனுடைய தாடையும், சவரம் செய்யாத அவனுடைய கன்னமும் இருந்தன. இவன் போனை இறக்கினான். அவருடைய வெறுங்கை காதிலிருந்து இறங்கியது. இருவரும் ஒரே நேரத்தில்.

அந்த ஒரு நொடி காணாமல் போயிருந்தது.

சாயங்காலம் தொட்டியத்திலிருந்து மனைவி சுபஸ்ரீ போனில் கூப்பிட்டாள். பின்னால் பாப்பா அழுதது. "என்னங்க, இன்னும் ஒரு மாசம் இங்கேயே இருந்துட்டு வரட்டுமான்னு அம்மா கேக்குறாங்க."

இரு, அங்கேயே இரு, நான் சொல்லாமல் வராதே. முருகானந்தம் வாயைத் திறந்தான். எதிர்நாற்காலியில் உதடுகள் அசைந்தன. முதலில் அசைந்தவை அவைதான்.

"வேண்டாம் சுபா. வெள்ளிக்கிழமையே வந்துடு. பாப்பாவைத் தூக்கணும் போல இருக்கு." அவனுடைய குரல்தான். அவனுடைய தொண்டையிலிருந்துதான் வந்தது.

அந்தப் பக்கம் பாப்பாவின் அழுகை தள்ளிப் போனது. பிறகு மெதுவாக, "உங்க குரல் ஏன் இப்படி இருக்கு? வேற யாரோ பேசுற மாதிரி. எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க. வாராவாரம் எழுதுவீங்கல்ல, அது மாதிரி ஒரு லெட்டர் போடுங்க. உங்க கையெழுத்தைப் பாத்தாத்தான் கிளம்புவேன்."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே எழுதுகிறவன். போனில் எவ்வளவு பேசினாலும் வாரத்துக்கு ஒரு கடிதம் உண்டு. அவளுக்கு அவனுடைய கையெழுத்தின் ஒவ்வொரு சுழியும் தெரியும்.

பேச்சு முடிந்ததும், வாய் மறுபடி எதையும் சொல்லிவிடாமலிருக்க, போனைத் தண்ணீர் வாளியில் போட்டான். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பஸ்ஸைப் பிடித்துத் தொட்டியம் போய்விடலாம். மேல்படியில் முழங்கால்கள் மடங்கின. உட்கார்ந்துவிட்டான். உள்ளே அவர் உட்கார்ந்திருந்தார். அவர் எழும்வரை இவனால் எழ முடியவில்லை. நடுராத்திரியில் அவர் எழுந்து மேசைக்குப் போனார்; இவனும் உள்ளே போய் எதிரில் உட்கார்ந்தான்.

விடியும் நேரத்தில் அவர் கண்ணை மூடினார். தலை தொங்கியது. தூங்குகிறார். முருகானந்தம் விரல்களை அசைத்துப் பார்த்தான். அசைந்தன. அவருடைய விரல்கள் அசையவில்லை. ஆனால் இவனுடைய கால்கள் இன்னும் எழ மறுத்தன.

போனும் இல்லாமல் கடிதமும் வராவிட்டால் சுபஸ்ரீ பயந்துபோய், கையெழுத்துக்குக் காத்திராமல், நேரில் வந்துவிடுவாள். எழுதிவிட வேண்டும். இப்போதே. மேசைமேல் தாளை வைத்தான். இடது ஓரம் மடித்தான். தேதி போட்டான். அன்புள்ள சுபா.

எதிரில் மூச்சு சீராக வந்தது.

வராதே என்று எழுதினான். பாப்பாவை அனுப்பாதே. போனில் பேசியது நான் இல்லை. யார் வந்து கூப்பிட்டாலும், நானே வந்து கூப்பிட்டாலும், கதவைத் திறக்காதே. வேகமாக, அழகாக, வரி கோணாமல் எழுதினான். மூச்சு விட்டுவிட்டுப் படித்தான்.

வந்துவிடு. வெள்ளிவரை காத்திருக்க வேண்டாம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உடனே வந்துவிடு.

அவனுடைய கையெழுத்து. ஒவ்வொரு சுழியும்.

நிமிர்ந்தான். அவர் கண் மூடியே இருந்தது. ஆனால் அவருடைய வலது கை மேசைமேல் இருந்தது. ஆள்காட்டி விரல் வெறும் மரத்தில் எழுதிக்கொண்டிருந்தது. ஓர் எழுத்து முன்னால். பேனா பின்னால் போனது. விடப் பார்த்தான். விரல்கள் பிரியவில்லை. இடது கையால் பிடிக்கப் பார்த்தான். இடது கை தாளை நகராமல் அழுத்திக்கொண்டிருந்தது.

இப்படிக்கு, உன் முருகானந்தம்.

அவர் காற்றை மடித்தார். தாள் மடிந்தது. ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லாததற்குள் நுழைத்தார். உறை நிரம்பியது. கட்டை விரலால் மேசையை நீளமாகத் தேய்த்தார். பசை ஒட்டியது.

எழுந்தார். எழுந்தான்.

தெரு முழுக்க வெயில். பால் வாங்கப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். கீழ்வீட்டுப் பூமா மாமி கோலப்பொடி டப்பாவோடு நிமிர்ந்தாள். "என்ன முருகானந்தம், கார்த்தாலேயே லெட்டரும் கையுமா? ஆத்துக்காரிக்கா?"

காப்பாத்துங்க மாமி.

"ஆமா மாமி. பாப்பா வருது."

"பேஷா வரட்டும்! அதான் சந்தோஷம் தாங்கல போலிருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தாப்பலன்னா சிரிக்கறேள்."

தபால் பெட்டிக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் இவன். அவர் வெறுங்கையை நீட்டி விரல்களைத் திறந்தார். பெட்டிக்குள் உறை விழுந்த சத்தம் கேட்டது.

பிறகு அவர் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே மடக்கினார். இடது முழங்கையில் சின்னத் தலை ஒன்று தங்குகிற அளவுக்குப் பள்ளம் விட்டார். குனிந்து அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

நடுத்தெருவில் முருகானந்தத்தின் கைகளும் மடங்கின. மெல்ல ஆடத் தொடங்கின.