தேர்வுக்கு இல்லாத அத்தியாயம்

காளிராஜின் கடையில் அன்றைக்கு முப்பத்தொரு டீ. முப்பத்திரண்டாவதாக யாரும் வரமாட்டார்கள் என்று தேவைமானி காலையிலேயே சொல்லியிருந்தது. யாரும் வரவில்லை. பால் மிஞ்சவில்லை, சீனி மிஞ்சவில்லை, காளிராஜுக்குத் திட்டுவதற்கு ஒரு காரணம்கூட மிஞ்சவில்லை.

சிவகாசியில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் அப்படித்தான். ஒவ்வொரு கல்லாவுக்கு மேலும் பல்லி அளவில் ஒரு தேவைமானி ஒட்டிக்கொண்டிருக்கும். யார் எதைக் கேட்டார்கள், எதை வாங்கினார்கள் என்று கவனித்து, நாளைக்கு எத்தனை வேண்டும் என்று சொல்லிவிடும். அதற்கு மேல் ஒன்றுகூட யாரும் செய்வதில்லை. அழுகிய தக்காளி ஒழிந்தது. காலிப் பேருந்து ஒழிந்தது. நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளும், பழையதாகப் புத்தகமே இல்லாததால், ஒழிந்தன.

"ஒரு இஞ்சி டீ போடுப்பா" என்றார் முப்பத்தொன்றாவதாக வந்திருந்த ஞானதிரவியம். ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர். தன் பெயரில் ஞானமும் திரவியமும் இருப்பது பெற்றோரின் தவறான மதிப்பீடு என்று தானே சொல்லிக்கொள்பவர்.

"இஞ்சி நின்னுபோச்சு சார். போன மாசம் ஒரு வாரம் மழை. இஞ்சி டீக்காரங்க யாரும் வரல. மானி இஞ்சியை எடுத்துருச்சு."

"அப்புறம் யாரும் கேக்கலையா?"

"இல்லாததை யாரு சார் கேப்பா? பலகையைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருறாங்க."

ஞானதிரவியம் வெறும் டீயைக் குடித்தார். தொண்டையில் ஏதோ சிக்கியது. டீ அல்ல, எட்டாம் அத்தியாயம்.

செயல்பாட்டு ஆய்வு பற்றி அவர் எழுதிய 'வாய்ப்பும் வரிசையும்' ஒரு காலத்தில் எல்லாக் கல்லூரிகளிலும் பாடநூல். ஏழாம் அத்தியாயம், நேற்று விற்றதை வைத்து நாளைய தேவையைக் கணிப்பது. அதிலிருந்துதான் தேவைமானி பிறந்தது. எட்டாம் அத்தியாயத்தின் பெயர் 'கேட்காமல் போனவர்கள்'. வந்து, பார்த்து, இல்லையென்று தெரிந்து, வாய் திறக்காமல் திரும்பியவர்களையும் எண்ண வேண்டும். எண்ணாவிட்டால் நாளைய அலமாரி கொஞ்சம் சுருங்கும், சுருங்கிய அலமாரியைப் பார்த்து இன்னும் சிலர் திரும்புவார்கள், அலமாரி மறுபடி சுருங்கும். இதற்குக் கீழ்ச்சுழல் என்று பெயர் வைத்திருந்தார். அவர் ஆசைப்பட்டு எழுதிய ஒரே அத்தியாயம் அது. அதன் தலையில் பல்கலைக்கழகம் கொட்டை எழுத்தில் ஒரு வரி போடச் சொல்லியிருந்தது: 'தேர்வுக்கு இல்லை'.

தேவைமானி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் நெடுஞ்செழியன் அவருடைய பழைய மாணவன்தான். தங்கப் பதக்கம் வாங்கியவன். அன்று மாலையே ஞானதிரவியம் அவனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"எட்டா?" என்றான் நெடுஞ்செழியன். உண்மையான வியப்பு. "ஏழோட முடிஞ்சிருமே சார்."

"முடியல தம்பி. புரட்டினா இன்னொண்ணு இருக்கும்."

"சிலபஸ்ல இல்லையே சார்... சரி, நீங்க சொல்றதை நான் மறுக்கல. கேக்காமப் போனவங்களைப் பத்தித் தரவு இருந்தா அனுப்புங்க. உடனே மாத்திருவோம்."

"கேக்காதவங்க எப்படிடா தரவுல வருவாங்க?"

"அதான் சார், கேட்டாங்கன்னா வந்துருவாங்க."

மிகவும் மரியாதையான பையன். வைத்துவிட்டான்.

இது வெறும் இஞ்சி விவகாரமாக இருந்திருந்தால் ஞானதிரவியம் சும்மா இருந்திருப்பார். அவர் குடியிருந்த மாடிக்குக் கீழே மாரிக்கனியின் அச்சகம். தினசரி நாட்காட்டிதான் அதன் பிழைப்பு. சலூனிலும் மருந்துக்கடையிலும் சும்மா தொங்கும் நாட்காட்டியைப் பார்த்துத்தான் நாலு பேர் தங்கள் வீட்டுக்கும் கேட்பார்கள். சும்மா தொங்குவதை மானி நிறுத்தியது, கேட்பவர்கள் குறைந்தார்கள், வருடாவருடம் எண்ணிக்கை இறங்கியது.

"இந்த வருசமும் இறங்குச்சுன்னா அச்சகத்துக்கே தேவையில்லைன்னு போட்டு, காகிதத்தை நிறுத்திருமாம் சார்" என்றாள் மாரிக்கனி, மை படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டே. "எங்கப்பா வச்ச மிசினு. எட்டுப் பேரு வேலை பாக்கோம்."

"ஜனங்க இல்லாததையும் கேக்க ஆரம்பிக்கணும். அதுக்கு என் எட்டாம் அத்தியாயத்தை நாலு பேர் படிக்கணும். என்கிட்ட இருக்கிறது ஒரே பிரதி. மறுபதிப்பு போடுவோமா?"

அச்சகத் தேவைமானியிடம் கேட்டார்கள். அது யோசிப்பது போல் பாவனைகூடச் செய்யவில்லை. எதிர்பார்க்கும் வாசகர்கள்: 0.4.

"பாதி ஆளுகூட இல்லையே சார்."

"முழங்காலுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் ஒருத்தர் வர்றாரு. அவரால புரட்ட முடியாது, அவ்வளவுதான்" என்றார் ஞானதிரவியம். சிரித்தார். சிரிப்பும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் வந்தது.

மறுநாள் காளிராஜ் புத்தகக் கடைக்குப் போய் அந்த நூலை வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தான். முகம் வாடித் திரும்பி வந்தான்.

"'கேட்பவர் படிக்கமாட்டார்'னு போட்டு மானி என்னைக் கழிச்சுருச்சுக்கா. நான் படிக்கமாட்டேன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே!"

மாரிக்கனி அடுத்த வருட நாட்காட்டியின் மாதிரித்தாள் ஒன்றைக் கையில் வைத்து முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் பூண்டுக் குழம்பு.

"சார், எத்தனைன்னுதான் மானி பாக்கும். தாள்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்காது."

"அதனால?"

"வருசத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு பின்பக்கம் இருக்கு. உங்க அத்தியாயம் எத்தனை பக்கம்?"

அத்தியாயத்தை நாளுக்கொரு துண்டாக ஞானதிரவியம் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார். முதல் கட்டை வாசித்துவிட்டு மாரிக்கனி அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தச் சங்கிலிச் சமன்பாடெல்லாம் வேண்டாம் சார். கிழிச்ச கையோட அடுப்புல பாலைப் பாக்கப் போறவங்க படிக்கணும்."

"அது இல்லாம நிரூபணம் நிக்காதே."

"பால் பொங்கிரும் சார்."

சமன்பாடுகள் போயின. பூண்டுக் குழம்பு போயிற்று. வடாம் குறிப்பு மட்டும், வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால், மாதம் ஒன்று தங்கியது.

தையில் யாரும் கவனிக்கவில்லை. மாசியில் ஒருவர் அச்சகத்தை அழைத்து, நேற்றைய தாளைக் கிழித்துப் பல் குத்த மடித்துவிட்டதாகவும், அதில் திரும்பிப் போன அந்த ஆள் கடைசியில் என்ன ஆனார் என்றும் கேட்டார். பங்குனியில் ஒரு தாள் இப்படிச் சொன்னது: 'இன்று கடையில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டு வாருங்கள். இல்லை என்பார்கள். பரவாயில்லை.'

காளிராஜின் கடைக்கு அன்று முப்பத்திரண்டாவது ஆளாக ஒரு பெண்மணி வந்தார்.

"இஞ்சி டீ இருக்கா?"

"இல்லம்மா."

"இல்லைன்னு தெரியும். கேட்டு வைக்கணும்ல."

கல்லாவுக்கு மேல் பல்லியாக ஒட்டியிருந்த மானி ஒரு முறை கண் சிமிட்டியது. சாயங்காலத்துக்குள் இன்னும் ஒன்பது பேர். பேருந்து நிலையத்தில் ஒருவர் நின்றுபோன ராஜபாளையம் கடைசி வண்டியைக் கேட்டார். ஜவுளிக்கடையில் ஒரு பெரியவர் நாலு முழ வேட்டியில் மயில்கழுத்துக் கரை கேட்டார். அப்படி ஒன்று முன்பும் இருந்ததில்லை, ஆனாலும் கேட்டார். நாட்காட்டி எங்கெல்லாம் தொங்கியதோ அங்கெல்லாம் ஜனங்கள் இல்லாததைக் கேட்டார்கள். கேட்டுப் பழகியதும், சும்மா சொல்லக் கூடாது, நம் ஆட்களுக்கு அது நன்றாகவே வந்தது.

ஆனியில் நெடுஞ்செழியன் அழைத்தான்.

"சார், தரவு வந்திருச்சு. மலை மாதிரி வந்திருச்சு. அந்தப் புத்தகம் ஒண்ணு கிடைக்குமா சார்?"

ஞானதிரவியம் தன் ஒரே பிரதியைத் தபாலில் அனுப்பினார். 'தேர்வுக்கு இல்லை' என்ற வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு.

ஆவணிக்குள் தேவைமானிகள் எட்டாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டன. தேவையைச் சொல்லும் இடத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்தது: 'தேவையான மீதி'. கடைகளில் மறுபடி பொருள்கள் மிஞ்சின. தக்காளி கௌரவமாக அழுகியது. ராஜபாளையம் கடைசி வண்டி மூன்று பேரோடு கிளம்பியது. சலூன்களில் சும்மா தொங்குவதற்கென்றே நாட்காட்டிகள் கேட்கப்பட்டன. மாரிக்கனி ஒன்பதாவதாக ஓர் ஆளை வேலைக்குச் சேர்த்தாள்.

பிறகு ஒருநாள் அச்சகத் தேவைமானி, யாரும் கேட்காமலே, 'வாய்ப்பும் வரிசையும்' நூலைப் பற்றிப் பேசியது.

"வாங்க சார், ஓடி வாங்க!" என்று மாடியை நோக்கிக் கத்தினாள் மாரிக்கனி. "ஆயிரம் பிரதி போடச் சொல்லுது!"

ஞானதிரவியம் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

அச்சிட வேண்டியவை: 1000. விற்பனையாகக்கூடியவை: 40. காரணம்: பெரும்பாலோர் நாட்காட்டியில் படித்துவிட்டனர். தேவையான மீதி: 960. ஆதாரம்: எட்டாம் அத்தியாயம். மீதி இருக்க வேண்டிய இடம்: ஆசிரியர் வீடு.

விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டிப் பார்த்தார்.

"கணக்கு சரியா சார்?"

"சரிதாம்மா" என்றார். "ரொம்பச் சரி."

நெடுஞ்செழியன் திருப்பி அனுப்பிய பிரதியை வைத்து அச்சடித்த கட்டுகள் மாடிக்கு ஏறின. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, குளியலறைக்கு வெளியே என்று எங்கும் எட்டாம் அத்தியாயம். நடந்தால் தன் தத்துவத்தில் இடித்துக்கொண்டார். உட்கார்ந்தால் அதன் மேல்தான் உட்கார வேண்டியிருந்தது.

காளிராஜ் இஞ்சி டீ கொண்டுவந்தான். மிஞ்சிய டீ, இப்போதெல்லாம் தினமும் இரண்டு மிஞ்சியது, அதை அவன் பெருமையாகவே மாடிக்குத் தூக்கி வந்தான். வைக்க இடம் தேடி, ஒரு கட்டின் மேல் டம்ளரை வைத்தான். கட்டு பிரிந்து ஒரு புத்தகம் சரிந்தது. குனிந்து எடுத்தான். திருப்பி வைக்கப் போனவன், திறந்திருந்த பக்கத்தில் ஏதோ கண்ணில் பட்டு நின்றான். அப்படியே ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தான். ஒரு பக்கம் புரட்டினான். இன்னொன்று.

கீழே கடையில் யாரோ "காளிராஜண்ணே!" என்று கூப்பிட்டார்கள். அவனுக்குக் கேட்கவில்லை.

ஞானதிரவியம் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்துக் காளிராஜ் தலை நிமிர்ந்தான். "சார், இந்த ஏழாவது அத்தியாயம் எனக்கு ஒட்டலை. அதை விட்டுட்டு எட்டுக்குப் போயிரலாமா?"

"போப்பா, தாராளமா போ" என்றார் ஞானதிரவியம். "ஏழு தேர்வுக்கு இல்லை."